நான்காவது பாட்டின் டம்மி வரிகள்

அந்தக் காதில் வேண்டாம் சார், இந்தக் காதில் மாட்டுங்கள். இயர்போனில் வலதுபக்கக் கம்பி போய்விட்டது, இடதுபக்கம் மட்டும்தான் கேட்கும். கொஞ்சம் அழுத்திக்கொள்ளுங்கள். கேட்கிறதா? இல்லை, அது பஸ் இரைச்சல் இல்லை. பாட்டிலேயே அப்படித்தான் தொடங்கும். அந்த இரைச்சலை உண்டாக்க எங்கள் ஜெரால்டு ராப்பகலாகச் சிந்தசைசர் முன்னால் உட்கார்ந்தான். குரல் பிறகுதான் வரும். நீங்கள் கேட்டுக்கொண்டே இருங்கள், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். இரண்டும் சேர்ந்து போகும்.

உங்களிடம் கேட்கக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஏலக்காய் வியாபாரம் என்றீர்கள். போடி வரை போகிறீர்கள். மின்னிசை எல்லாம் கேட்டுப் பழக்கமில்லை என்றீர்கள். நல்லது. இசை தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது. எல்லோரும் இந்த ஒரு பாட்டையே பேசுகிறார்கள். ஆல்பத்தில் ஏழு பாட்டு இருக்கிறது சார். ஆறு நான் எழுதியவை. ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்த்து வைத்தவை. இது ஒன்றுதான் என்னுடையது இல்லை. போயும் போயும் இதையா பிடித்துக்கொள்வார்கள்?

ஜன்னலைக் கொஞ்சம் மூடலாமா? இல்லை, திறந்தே இருக்கட்டும். புழுங்குகிறது.

எங்கள் குழுவின் பெயர் த்ரீ பின். நான் வைத்ததில்லை, ஜெரால்டு வைத்தது. நாங்கள் மூன்று பேர். அவன் கருவிகள், நான் சொற்கள், என் மனைவி சுகந்தி குரல். "மூணாவது பின் எர்த்துங்க கவிஞரே. அது இல்லாமயும் லைட்டு எரியும். தொட்டாத்தான் தெரியும்" என்று சொல்லிச் சிரிப்பான். அவன் என்னைக் கவிஞரே என்பது கிண்டல்தான். நான் கண்டுகொள்வதில்லை. எங்கள் ஊரில் கணபதி என்ற பகுதியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறை ஒன்று, அதற்கு மேலே ஓர் அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை. ஒலிப்பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுவோம். வேர்த்துக் கொட்டும். அங்கேதான் எல்லாம்.

ஆல்பத்துக்கு 'உட்செவி' என்று பெயர் வைத்தேன். நகரத்தின் உட்செவி. ஒரு நகரம் தனக்குள் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் பொருள். முதல் பாட்டு சிக்னல். இரண்டாவது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள். மூன்றாவது ஏ.டி.எம். வாசல். நான்காவது, அதாவது இந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது, 'மேம்பாலத்தின் தனிமை'.

டம்மி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலையில் மெட்டு முதலில் வந்துவிடும், சொல் பிறகு. சொல் வரும்வரை மெட்டு மறந்துபோகாமலிருக்க வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடி வைத்துக்கொள்வார்கள். அதுதான் டம்மி. சினிமாவிலும் இதே முறைதான். சிலர் தன்னானா போடுவார்கள். ஜெரால்டு பாடினால் பரோட்டா, சால்னா, ஆம்லேட் என்று போகும். அதில் அர்த்தம் பார்க்கக் கூடாது. சாப்பாட்டுக்கு முன்னால் இலையில் தண்ணீர் தெளிக்கிறோம். அதை யாராவது சாப்பாடு என்பார்களா?

சுகந்தி டம்மி பாடுவதில் கெட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன் சென்னையில் கொஞ்ச காலம் ட்ராக் பாடினாள். பெரிய பாடகி வந்து பாடும்வரை இவள் குரல் இருக்கும், அவர் வந்ததும் அழித்துவிடுவார்கள். பாடிய பாட்டு திரையரங்கில் வேறு குரலில் வரும்போது அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒருமுறை ஜெரால்டின் மனைவி கேட்டாள். "எனக்குப் பழகிப்போச்சுக்கா" என்றாள் சுகந்தி. பழகிவிட்டால் ஒன்றும் இல்லை, பாருங்கள்.

நான்காவது பாட்டுக்கு நான் சொல் கொடுக்கத் தாமதமானது உண்மை. 'இரும்பின் இமையடியில் உறங்காத ஊர்' என்று முதல் வரி வந்துவிட்டது. அடுத்த வரி வரவில்லை. அந்த மாதம் முழுவதும் சாயங்காலமானால் மேம்பாலத்துக்குப் போய் நிற்பேன். வண்டிகள் போகும். பார்த்துக்கொண்டிருப்பேன். வீடு திரும்ப நேரமாகிவிடும். சுகந்தி ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. சோறு மூடி வைத்திருக்கும், போட்டுச் சாப்பிடுவேன். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. சில நாள் விழித்திருப்பாள். "வரி வந்துச்சா?" என்பாள். வரவில்லை என்பேன். "சரி" என்பாள்.

பிறகு ஜெரால்டு பொறுமையிழந்துவிட்டான். "சொல்லு வர்றப்ப வரட்டுங்க கவிஞரே. மெட்டை மட்டும் பிடிச்சு வெச்சுக்கலாம். சுகந்தி, நீ ஏதாவது போட்டுப் பாடும்மா" என்றான். மின்விசிறியை நிறுத்தினோம். நான் அந்த அறையில்தான் இருந்தேன், அவளுக்கு நேர் எதிரே முக்காலியில். அவள் என்னைப் பார்த்துத்தான் பாடினாள். நான் கைப்பேசியில் அட்டைப்படத்துக்கு எழுத்துரு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எழுத்துரு அமைய எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? 'செ'வின் கொம்பு சாய்ந்து நிற்கும், மின்னல் மாதிரி. யாருமே அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பாடி முடித்தாள். ஜெரால்டு வழக்கமாக உடனே ஓகே என்பான். அன்றைக்கு எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டான். அவள் என்னிடம், "எப்படி இருந்துச்சு?" என்றாள். "மெட்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறது" என்றேன். சரியான மதிப்பீடுதான், இல்லையா? மெட்டைத்தானே பதிவு செய்தோம்.

இப்போது குரல் வந்திருக்குமே? வந்துவிட்டதா? எனக்கு அந்த வரிகள் மனப்பாடம். கேட்டு இல்லை. எல்லா விமர்சனத்திலும் இதையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதனால்.

'குக்கர் விசில் அடங்கியாச்சு
நீ இன்னும் வரல
சோறு மூடி வெச்சிருக்கு
சாவி எதிர்வீட்டுல இருக்கு
நான் பஸ் ஏறிட்டேன்னு சொன்னா
எந்த பஸ்ஸுன்னு கேப்பியா
தன்னா னானா... ம்ம்...
எந்த பஸ்ஸுன்னு கேப்பியா'

அவ்வளவுதான். இதையே திருப்பித் திருப்பி. நடுவில் ஒரு தன்னானா வேறு. சொல்லுங்கள் சார், இதில் என்ன இருக்கிறது? படிமம் இருக்கிறதா? ஒரு புதிய சொற்சேர்க்கை? எதிரில் இருப்பதைப் பாடுவதுதான் டம்மி. குக்கர், சோறு, சாவி. ஜெரால்டுக்குப் பரோட்டா மாதிரி இவளுக்குக் குக்கர்.

என்ன சார்? கண்ணில் தூசியா? அதற்குத்தான் ஜன்னலை மூடலாம் என்றேன். ஒட்டன்சத்திரம் தாண்டினால் இப்படித்தான் காற்று அடிக்கும். துடைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை கேட்கிறீர்களா? எதற்கு? சரி, கேளுங்கள். ஐந்தாவதைப் போடலாம் என்று பார்த்தேன்.

பிறகு எனக்கு வரி வந்துவிட்டது. மேம்பாலத்தின் தனிமை முழுசாக வந்தது. சுகந்தியை உட்காரவைத்துப் பாடச் சொன்னோம். நாள் முழுக்கப் பாடினாள். சுத்தமாகப் பாடினாள், ஒரு சுருதி பிசகவில்லை. ஜெரால்டுதான் மூக்கைச் சுளித்துக்கொண்டே இருந்தான். "வார்த்தை எல்லாம் லாரில ஏத்துன சரக்காட்டம் இருக்குதுங்க" என்றான். பொறாமை என்று சொல்ல மாட்டேன். அவனுக்குத் தமிழில் பயிற்சி குறைவு.

பாட்டுகளை இணையத்தில் ஏற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். இந்த மாதிரி விஷயங்களில் நான் யாரையும் நம்புவதில்லை. எனக்கு ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் கேட்பேன், முடிவையும் கேட்பேன். தொடக்கம் சுத்தமாக இருக்கிறதா, முடிவில் வெட்டு தெரிகிறதா, அவ்வளவுதான். நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? எழுதியவனே நான்தானே. இந்தப் பாட்டு இரைச்சலில் தொடங்கி இரைச்சலில் முடியும். டம்மியிலும் அதே இரைச்சல்தான், என் வரிகள் உள்ள பதிவிலும் அதே இரைச்சல்தான். எப்படிக் கண்டுபிடிப்பது? கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. ஜெரால்டு இரண்டுக்கும் 'நாலு' என்று பெயர் வைத்திருக்கிறான். ஒன்று 'நாலு', இன்னொன்று 'நாலு நெசம்'. நெசம் என்று போட்டிருந்தால் எதை எடுப்பீர்கள்? நானும் அதைத்தான் எடுத்தேன். அவன் நெசம் என்றது டம்மியை.

இது வத்தலக்குண்டு. டீ வேண்டுமா சார்? நிற்கும் நேரத்துக்குள் குடித்துவிடலாம். வேண்டாமா? எனக்கும் வேண்டாம். 

முதல் விமர்சனம் கோபாலரத்தினம் எழுதியது. உங்களுக்குத் தெரியாது. எங்கள் வட்டாரத்தில் அவர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார் என்றாலே அது ஒரு செய்தி. சிற்றிதழில் நான்கு பக்கம். இரண்டு பக்கம் வரை சிக்னலும் தண்ணீர்த் தொட்டியும் எங்கேயாவது வரும் என்று தேடினேன். வந்தது. ஒரே வாக்கியம். 'ஆறு பாடல்களில் நகரம் சொற்பொழிவாற்றுகிறது. நான்காவதில் மட்டும் ஒரு வீடு பேசுகிறது.' மீதி முழுக்க இந்தக் குக்கர்தான். படித்துவிட்டுச் சுகந்தியிடம் நீட்டினேன், பார் இந்தக் கூத்தை என்று. அவள் நின்றபடியே படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். "இவருக்குக் கேட்டிருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு எரிச்சலாகிவிட்டது. இவளுமா என்று.

பிறகு வரிசையாக. பெங்களூரில் ஓர் ஆங்கில இணையதளத்தில், 'கேட்பவர் எதிரிலேயே இருந்தும் கேட்கப்படாத குரல்' என்று எழுதினார்கள். எதை வைத்து எழுதுகிறார்கள்? அறைக்குள் வந்து பார்த்தார்களா? ஒரு கல்லூரிப் பெண் வீடியோ போட்டாள். பாட்டைக் கேட்டுக்கொண்டே பேச வேண்டும், அதுதான் அவள் நிகழ்ச்சி. பாதியில் எழுந்து, அம்மாவுக்குப் போன் பண்ணிட்டு வர்றேன் என்று போனவள் வரவே இல்லை. காலி நாற்காலியோடு வீடியோ மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒருவன்தான் திட்டினான். மின்னிசை என்றால் ஆட வேண்டாமா, இதென்ன எழவு வீடா என்று. அவன் ஏழு பாட்டையும் சமமாகத் திட்டியிருந்தான். அவனுக்கு மட்டும் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினேன்.

பிறகு விமர்சனக் கூட்டம் வைத்தார்கள். புத்தகத்துக்கு வைப்பது மாதிரியே. பள்ளிக்கூடத்து மாடி, இரும்பு நாற்காலிகள், மசால் வடை, தேநீர். ஆல்பத்துக்கு இப்படி ஒரு கூட்டம் எங்கள் ஊரில் அதுதான் முதல்முறை என்றார்கள். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார்கள். எதை என்று கேட்கவே வேண்டாம். நான் அந்த நேரத்தில் கீழே வாசலில் கோபாலரத்தினத்தை வரவேற்க நின்றிருந்தேன். அவர் மேடையில் ஏறி, "இந்த வரிகளை எழுதும் துணிச்சல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது, மகிழ்நன்?" என்று கேட்டார். சபை முழுக்க என்னைப் பார்க்கிறது. அட்டையில் 'சொற்கள்: மகிழ்நன்' என்று போட்டிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அவரை மறுத்துப் பேசினால் அவருக்கு அவமானம் இல்லையா? அதனால் ஏற்றுக்கொண்டேன். அன்றாட வாக்கியத்தின் அரசியல் என்று எடுத்துக்கொண்டு பேசினேன். சமையலறை என்பது ஒரு மொழிக்கிடங்கு, விசில் என்பது காலத்தின் குறியீடு, பஸ் என்பது நிரந்தர இடப்பெயர்வு. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அமைந்துவிட்டது. கைதட்டினார்கள். சுகந்தி மூன்றாவது வரிசையில் ஜெரால்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓரிடத்தில் அவள் சிரித்தாள். மேடையிலிருந்து பார்த்தேன். பேச்சு எடுபடுகிறது என்று தெரிந்தது.

ஒரு பொன்னாடைதான் வைத்திருந்தார்கள். எனக்குப் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைச் சுகந்தியிடமே கொடுத்துவிட்டேன். நான் அந்த மாதிரி விஷயங்களில் பெரிய மனசுக்காரன்தான். மேசைக்கு விரிக்கலாம் என்றேன். "விரிக்கலாம்" என்று வாங்கி மடித்து வைத்தாள்.

மறுநாள் ஒரு நேர்காணல் இருந்தது. முடித்துவிட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. சாவி எதிர்வீட்டில். சாவி எப்போதும் எதிர்வீட்டில்தான் இருக்கும். உள்ளே சோறு மூடி வைத்திருந்தது. ஊருக்குப் போயிருக்கிறாள் என்று எதிர்வீட்டம்மா சொன்னார்கள். இன்னும் என்னவோ சொல்ல வந்தார்கள். நான் நின்று கேட்கவில்லை, கோபாலரத்தினத்துக்கு ஒரு பதில் எழுத வேண்டியிருந்தது. எந்த பஸ்ஸில் போனாள், எப்போது போனாள் என்றெல்லாம் விசாரிக்கவில்லை. எதற்கு விசாரிப்பது? அக்கா வீடு பெரியகுளத்தில். அவள் போனால் எப்போதும் இந்த போடி பஸ்ஸில்தான் போவாள்.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? பாட்டு நின்றுவிட்டதா? இல்லையே, ஓடுகிறதே.

ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்றுதான் இருந்தேன். நடுவில் கார்த்திகை வந்து போய்விட்டது. எனக்கும் ஓய்வில்லை. விமர்சனங்களுக்குப் பதில் எழுத வேண்டும். சரியாக எழுதாவிட்டால் தவறான புரிதல் நிலைத்துவிடும். இரண்டொரு முறை போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள். ஜெரால்டு அவர்களிடம் பேசியிருக்கிறான் போல. என்ன பேசினான் என்று என்னிடம் சொல்லவில்லை.

இப்போது போவது அவசர வேலையாக. பெங்களூரில் ஒரு கம்பெனி உட்செவியை இசைத்தட்டாகப் போடுகிறது. பழைய காலத்துக் கறுப்புத் தட்டு, இப்போது மறுபடியும் வாங்குகிறார்கள். உள்ளே பாட்டு வரிகளையும் அச்சடிப்பார்கள். யோசித்துப் பாருங்கள் சார். என் பெயருக்குக் கீழே, என் எழுத்துருவில், குக்கர் விசில். தட்டில் வந்துவிட்டால் அழிக்க முடியாது. நான் கேட்டேன், நான்காவதை மாற்றிக்கொள்ளலாமா என்று. கம்பெனியில் இதைப் பார்த்துக்கொள்ளும் பெண் நல்ல மாதிரி. "உங்கள் வரிகள் உள்ள பதிவில் குரல் செத்துக் கிடக்கிறது. அந்தப் பாடகி இந்த டம்மியில் பாடிய மாதிரியே உங்கள் வரிகளைப் பாடித் தந்தால் யோசிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். சுகந்தி வந்து பாட வேண்டும். பத்து நிமிட வேலை. இந்த டம்மியில் என்ன உணர்ச்சி இருக்கிறதோ, அதை அப்படியே எடுத்து என் சொல்லில் வைக்க வேண்டும். அவள் தொழில்முறைப் பாடகி, அவளால் முடியும்.

ஜெரால்டு கேட்டான், "கவிஞரே, அந்தப் பாட்டை முழுசா ஒருக்கா கேட்டிருக்கியா?" என்று. முதல்முறையாக என்னை நீ என்றான். "நான் எழுதாத பாட்டை நான் எதற்குக் கேட்க வேண்டும்?" என்றேன். சிந்தசைசரை உறையில் போட்டு மூடிவிட்டான். "போன்ல சொல்லாத. நேர்ல போ" என்றான். அதனால்தான் புறப்பட்டேன்.

காலையில் அக்காவுக்குத் தகவல் சொன்னேன். வசந்தி என்று பெயர், மளிகைக்கடை வைத்திருக்கிறாள், பட்டென்று பேசுவாள். "வாங்க தம்பி. வர வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பாட்டு கீட்டுன்னு வாசப்படி ஏறாதீங்க" என்றாள். "சுகந்தி என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன். "அவ பக்கத்துலதான் இருக்கா. நீங்க எதுக்கு வர்றீங்கன்னு கேக்கச் சொல்றா" என்றாள். நான் இசைத்தட்டு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். லைன் போய்விட்டது. டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பாட்டுக்கு இல்லாமல் வேறு எதற்குப் போவது?

என்ன சொன்னீர்கள்? சும்மா போகலாமா? சும்மா எப்படிப் போவது சார். சும்மா போய் வாசலில் நின்றால் அவள் என்ன என்று கேட்பாள். என்ன என்று கேட்டால் நான் எதைச் சொல்வது? எனக்குச் சும்மா பேச வராது. சுகந்தியே சொல்வாள், நீ பேசறதும் டைப் அடிக்கற மாதிரியே இருக்கு என்று. ஒரு விஷயம் வேண்டும் எனக்கு. ஒரு தொடக்கம், ஒரு முடிவு. நடுவில் நான் பார்த்துக்கொள்வேன். நீங்கள் போய் நின்றால் என்ன சொல்வீர்கள்? சொல்லுங்கள். நீங்கள் ஒரு வரி சொல்லுங்கள், பார்ப்போம்.

யோசித்தே சொல்லுங்கள், அவசரமில்லை.

 வேர்க்கிறது எனக்கு. இது தேவதானப்பட்டிதானே? இவ்வளவு சீக்கிரமா வந்துவிட்டது? டிரைவர் மிதிக்கிறார். பெரியகுளம் வரைக்கும்தானே டிக்கெட், மெதுவாகப் போகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறியிருக்கலாம். வழியெல்லாம் நான் இரண்டாவது சரணத்தைச் சரிபார்த்துக்கொண்டு வரலாம் என்றிருந்தேன். 'தூண்களின் தோளில் தூங்கும் தூரம்' என்று இருக்கிறது. த வரிசை கொஞ்சம் அதிகமோ? அவளிடம் கொடுக்கும்போது திருத்தமாகக் கொடுக்க வேண்டும் அல்லவா. நீங்கள் கேட்ட பாட்டில் அவள் கடைசியில் ஒரு மூச்சு விடுகிறாளாமே? எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அப்படியா? எப்படி, நீளமாகவா? சும்மா கேட்டேன். கழற்றித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் பிறகு கேட்டுக்கொள்வேன்.

ஐந்தாவது பாட்டைப் பற்றி நான் சொல்லவே இல்லையே. அதுதான் ஆல்பத்தின் முதுகெலும்பு. கோபாலரத்தினம் அதைத் தொடவே இல்லை. வணிக வளாகத்து நகரும் படிக்கட்டைப் பற்றியது. ஏறுகிறவன் நிற்கிறான், படிதான் நகர்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு விமர்சகனுக்குக்கூடத் தெம்பில்லை. நான் முழுசாகச் சொல்கிறேன், நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். முதல் சரணம் இப்படித் தொடங்குகிறது...

பெரியகுளமா? ஆமாம், பஸ் ஸ்டாண்டுதான். எவ்வளவு பேர் இறங்குகிறார்கள் பாருங்கள். பரவாயில்லை சார், காலை ஒதுக்க வேண்டாம், நீங்கள் வசதியாக உட்காருங்கள். எங்கே விட்டேன்? முதல் சரணம். அதில் முதல் சொல்லே ஒரு வினைமுற்று. அப்படி யாரும் பாட்டைத் தொடங்க மாட்டார்கள்...

கண்டக்டர், இங்கே. போடிக்கு ஒரு டிக்கெட்.